வாசல், நடை, மாடிப்படிக்கு லைட் பாயிண்ட்: பூச்சு வேலைக்கு முன்னாடி என்னென்ன முடிவு பண்ணணும்?

மாடிவீடு எழுதியது:

வணக்கம். மதுரைக்கு வெளியே கீழ்த்தளம், மேல்தளம்னு தனி வீடு கட்டிட்டு இருக்கோம். ரெண்டு ரூஃபும் போட்டாச்சு. வர்ற திங்கட்கிழமை எலெக்ட்ரீஷியன் சுவர் வெட்டி பைப் பதிக்க வர்றார், அடுத்த வாரம் உள்பூச்சு. ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் முடிவாயிடுச்சு. மூணு இடத்தில்தான் குழப்பம்.

வாசல்: கிழக்குப் பார்த்த தலைவாசல். முன்னாடி 8க்கு 10 போர்டிகோ, அதைத் தாண்டி கேட். போர்டிகோ ரூஃபில் நடுவில் ஒரு பாயிண்ட் விட்டிருக்கு.

நடை: ஹாலில் இருந்து பின்பக்கம் வரைக்கும் 4 அடி அகலம், 18 அடி நீளம், 10 அடி உயரம். ஜன்னல் கிடையாது. ரூஃபில் நடுவில் ஒரே ஒரு பாயிண்ட். ஃபால்ஸ் சீலிங் போடப் போறதில்லை.

மாடிப்படி: வீட்டுக்குள்ளேயே இருக்கு. 9 + 9, நடுவில் திரும்புற லேண்டிங். 3 அடி அகலம், படி உயரம் 7 இஞ்ச், கால் வைக்கிற இடம் 10 இஞ்ச். ஒரு பக்கம் 9 இஞ்ச் சுவர், மறுபக்கம் கைப்பிடி வரும். பளபளப்பான கறுப்பு கிரானைட் போடலாம்னு இருக்கோம். மேல் ரூஃபில் நடுவில் ஒரு பாயிண்ட் இருக்கு, கீழே இருந்து பார்த்தால் 20 அடி உயரம்.

"மூணு இடத்துக்கும் ஒவ்வொரு லைட் போதும், மாடிக்கு டூவே போட்டுடலாம்"ங்கிறார் எலெக்ட்ரீஷியன் (டூவேன்னா ஒரே லைட்டைக் கீழேயும் மேலேயும் ரெண்டு ஸ்விட்ச்சில் போட்டு அணைக்கிறது). வீட்டில் 70 தாண்டினவங்க ரெண்டு பேர். படிக்குப் படி சுவரில் கால் பக்கம் பதிக்கிற ஃபுட் லைட், ஆள் வந்தால் தானே எரிய வைக்கிற சென்சார் எல்லாம் உண்மையிலேயே உதவுமா, இல்லை பின்னாடி தொல்லையா?

---

நிழல்விழாமல் எழுதியது:

ஒவ்வொரு லைட் போதாது. வெளிச்சம் குறையும் என்பதை விட நிழல் எங்கே விழும் என்பதுதான் பிரச்சினை.

படியில் ஆபத்து இறங்கும்போதுதான். விளக்கு மேல் ரூஃபில் மட்டும் இருந்தால், இறங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் அது இருக்கும்; அவருடைய நிழல் அடுத்துக் கால் வைக்க வேண்டிய படியிலேயே விழும். எத்தனை வாட் கூட்டினாலும் இது மாறாது, நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். தவிர 20 அடி உயரத்தில் இருக்கும் விளக்கு கெட்டுப்போனால் படியில் ஏணி நிறுத்த முடியாது, சாரம் கட்ட வேண்டும். அந்த பாயிண்டை மூடி போட்டு விட்டுவிடுங்கள். பின்னாளில் தொங்குவிளக்கு ஆசை வந்தால் இறக்கி ஏற்றும் கப்பியோடு மாட்டிக்கொள்ளலாம்.

வேலை செய்யும் விளக்கு சுவரில் வரட்டும். மூன்று இடம்: படி தொடங்கும் இடத்துச் சுவர், நடு லேண்டிங் சுவர், மேல்தளத்தில் படி முடியும் இடம். மூன்றுமே நிற்கும் தரையிலிருந்து 7 அடி. ஸ்டூல் போட்டால் கை எட்டும். நடு லேண்டிங் விளக்கை மட்டும் இறங்குகிறவரின் கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள். பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். எல்லாமே பால் வெள்ளை மூடி போட்ட விளக்காக இருக்கட்டும். உள்ளே இருக்கும் எல்.இ.டி. புள்ளி கண்ணில் படுகிற ஸ்பாட் லைட் படிக்கு ஆகாது. வயதானவர்களுக்கு ஒருமுறை கண் கூசினால் பார்வை பழைய நிலைக்கு வர நேரமாகும், அதற்குள் இரண்டு படி இறங்கியிருப்பார்கள்.

எவ்வளவு வெளிச்சம்? உங்கள் படிக்கூடு ஏறக்குறைய 7 அடிக்கு 12.5 அடி, அதாவது 8.1 சதுர மீட்டர். 100 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு 100 லூமன் வெளிச்சம்) வைத்துக்கொண்டால் 810 லூமன் தரைக்கு வந்து சேர வேண்டும். சுவரும் விளக்கு மூடியும் தின்பது பாதி, தூசியும் வயதும் தின்பது ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டால், 810 ÷ (0.5 × 0.8) = சுமார் 2000 லூமன். நல்ல 10 வாட் எல்.இ.டி. 1000 லூமன் தரும். ஆக இரண்டு விளக்கே கணக்குக்குச் சரி. கறுப்பு கிரானைட்டுக்காகத்தான் மூன்று சொல்கிறேன்.

அந்த கிரானைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புக் கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும், பளபளப்புக் கல் விளக்கின் பிம்பத்தை மட்டும் திருப்பிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. கல்லை மாற்ற மனமில்லை என்றால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 2 இஞ்ச் அகலத்துக்குச் சொரசொரப்பு ஃபினிஷ் கேளுங்கள், அல்லது வெளிர் நிறக் கல்லில் பட்டை பதியுங்கள். எந்த விளக்கையும் விட இது பலன் தரும்.

நடைக்கு வருவோம். 10 அடி உயரத்தில் நடுவில் ஒரு விளக்கு வைத்தால் 18 அடி நடையின் இரண்டு முனைகளும் மங்கிக் கிடக்கும். நடுவில் மட்டும் கிணற்றுக்குள் சூரியன் தெரிவது போல ஒரு வட்டம். ஸ்லாபில் புது பாயிண்ட் எடுக்க முடியாது, அதனால் நீளச் சுவர் ஒன்றில் மூன்று பாயிண்ட் எடுங்கள். முனையிலிருந்து 3 அடி, 9 அடி, 15 அடி. உயரம் 7 அடி. மேல்நோக்கி வெளிச்சம் அடிக்கும் 6 வாட் சுவர் விளக்கு போதும். வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் நிழல் இருக்காது, கண்ணும் கூசாது. 4 அடி நடையில் விளக்கு சுவரை விட்டு 4 இஞ்சுக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. பீரோ, கட்டில் தூக்கிப்போகும் நாளில் முதலில் உடைவது அதுதான். சீலிங்கில் வெள்ளைப் பெயின்ட்டைத் தவிர வேறு அடித்தால் இந்த யோசனை வேலை செய்யாது.

வாசல். தலைவாசலுக்கு மேலே ஒரே விளக்கு வைத்தால் வந்து நிற்பவரின் நெற்றியும் மூக்கும் தெரியும், கண் இரண்டும் குழியாகத் தெரியும். கதவு லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் கேமராவில் பார்த்தாலும் அதே கதை. நிலையின் இரண்டு பக்கமும் 5½ முதல் 6 அடி உயரத்தில் ஒவ்வொன்று, 5 வாட் போதும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பூட்டு இருக்கும் பக்கம் வையுங்கள். நிலையிலிருந்து குறைந்தது 9 இஞ்ச் தள்ளி வைத்தால் மாவிலைத் தோரணமும் கிரில் கதவும் இடிக்காது. போர்டிகோ நடு பாயிண்ட் வண்டி நிறுத்தவும் செருப்புத் தேடவும் இருக்கட்டும், அதற்குத் தனி ஸ்விட்ச்.

நிறம்: கடையில் கேட்காமல் எடுத்துத் தருவது 6500 கெல்வின், அந்த நீலம் பூத்த வெள்ளை. நடைக்கும் படிக்கும் 4000, வாசலுக்கு 3000 வாங்குங்கள். வாசலுக்கு மஞ்சள் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. பூச்சிகளை இழுப்பது நீலமும் புற ஊதாவும்தான். முதல் மழை விட்ட ராத்திரி வெள்ளை விளக்குப் போட்ட வாசலில் ஈசல் இறகைக் கூட்டி அள்ள வேண்டியிருக்கும், மஞ்சளில் அது குறையும். ஈசலுக்கு வரும் பல்லியும் குறையும்.

---

ஃபேஸ்நியூட்ரல் எழுதியது:

லைட் எங்கேன்னு மேலே சொல்லிட்டாங்க. நான் ஒயரிங் மட்டும் சொல்றேன், ஏன்னா டூவேயில்தான் பாதி வீட்டில் தப்பு நடக்குது.

சரியான முறை இது. ஃபேஸ் கீழ் ஸ்விட்ச்சோட காமன் முனைக்குப் போகணும். கீழ் ஸ்விட்ச்சின் மத்த ரெண்டு முனையில் இருந்து ரெண்டு ஒயர் மேல் ஸ்விட்ச்சின் ரெண்டு முனைக்கு. மேல் ஸ்விட்ச்சின் காமனில் இருந்து லைட்டுக்கு. நியூட்ரல் எந்த ஸ்விட்ச்சுக்குள்ளேயும் புகாமல் நேரா லைட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் விஷயம்.

ஒயர் மிச்சம் பிடிக்க சிலர் வேற மாதிரி பண்ணுவாங்க. ரெண்டு ஸ்விட்ச்சுக்குமே அந்தந்த போர்டில் இருக்கிற ஃபேஸையும் நியூட்ரலையும் கொடுத்துட்டு, காமன் ரெண்டுக்கும் நடுவில் லைட்டை மாட்டிடுவாங்க. லைட் எரியும், அணையும், எல்லாம் சரின்னுதான் தோணும். ஆனா அணைஞ்சிருக்கும்போதே ஹோல்டரோட ரெண்டு முனையிலும் ஃபேஸ் நிக்கலாம். பல்பு மாத்தப் போறவர் தொட்டால் ஷாக். அதைவிட மோசம், உங்க வீடு மூணு ஃபேஸ் சர்வீஸா இருந்து கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மேல்தளம் வேற ஃபேஸ்னு பிரிச்சிருந்தால், ஒரு நிலையில் லைட்டுக்குக் குறுக்கே 400 வோல்ட்டுக்கு மேல வரும். லைட் மாட்டின அன்னைக்கே வெடிச்சால் காரணம் இதுதான்.

இன்னொரு தப்பு ரொம்ப சாதாரணமா நடக்கும். ஃபேஸ் கீழ்த்தள டி.பி.யில் (கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) இருந்து வரும், லைட் மேலே இருக்கிறதால நியூட்ரலைப் பக்கத்தில் இருக்கிற மேல்தள போர்டில் இருந்து எடுத்துடுவாங்க. தளத்துக்கு ஒரு ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனால் தானே அணையிற பாதுகாப்பு ஸ்விட்ச்) வெச்சிருந்தீங்கன்னா படி லைட்டைப் போட்டதும் ட்ரிப் ஆகும். ஒரு ஆர்.சி.சி.பி. வழியாப் போன கரண்ட் அது வழியாவே திரும்பணும். வேற வழியாத் திரும்பினால் அது லீக்கேஜ்னுதான் நினைக்கும். 10 வாட் லைட்டே சுமார் 45 மில்லி ஆம்பியர் இழுக்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழறதுக்கு அது போதும். அப்புறம் "ஆர்.சி.சி.பி. சரியில்லை, எடுத்துடலாம்"னு சொல்வாங்க. எடுக்க விடாதீங்க. இன்வெர்ட்டர் லைனுக்கும் இதே கதைதான்: இன்வெர்ட்டர் ஃபேஸுக்கு இன்வெர்ட்டர் நியூட்ரல், மெயினுக்கு மெயின் நியூட்ரல். கலக்கவே கூடாது.

மேல்தளத்தை வாடகைக்கு விடுற எண்ணம் இருந்து ரெண்டு மீட்டர் வாங்கினால், படி லைட் முழுசும் ஒரே மீட்டரில் இருக்கணும். ஃபேஸ் இங்கே, நியூட்ரல் அங்கேன்னு போகக் கூடாது.

திங்கட்கிழமைக்குத் தேவையானது: கீழ் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் மேல் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நடுவில் 25 எம்.எம். பைப். 20ஐப் போட்டுடாதீங்க, ரெண்டு வளைவு வந்தாலே ஒயர் இழுக்கிறது கஷ்டம். அதுக்குள்ள டூவேக்கு ரெண்டு ஒயர், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், எல்லாம் 1.5 ஸ்கொயர் எம்.எம். டூவே பாக்ஸுக்கு நியூட்ரல் எதுக்குன்னு எலெக்ட்ரீஷியன் கேட்பார். இன்னைக்குத் தேவையில்லை. நாளைக்கு சென்சாரோ ஸ்மார்ட் ஸ்விட்ச்சோ மாட்டணும்னா பெரும்பாலான மாடலுக்கு நியூட்ரல் வேணும், அப்போ சுவரை மறுபடி உடைக்கணும். ஸ்விட்ச் உயரம் முடிஞ்ச தரையில் இருந்து 4 அடி. முதல் படியில் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே கை எட்டுற இடத்தில் வையுங்க. படியில் ரெண்டு அடி ஏறி ஸ்விட்ச்சைத் தடவுற மாதிரி நிறைய வீட்டில் இருக்கு.

18 அடி நடைக்கும் டூவேதான், ரெண்டு முனையிலும். இதை யாரும் கேட்கிறதில்லை. பின்பக்கம் போயிட்டு லைட்டை அணைக்க ஹாலுக்குத் திரும்பி வரணும்னா ஒருத்தரும் அணைக்க மாட்டாங்க.

சுவர் வெட்டும்போது கவனிக்க வேண்டியது: காடி செங்குத்தாப் போகட்டும். 9 இஞ்ச் சுவரில் 2 இஞ்ச் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். நடைச் சுவர் 4½ இஞ்ச்சா இருந்தால் படுக்கை வாட்டில் வெட்டவே விடாதீங்க, அதே இடத்தில் பின்பக்கமும் வெட்ட விடாதீங்க. அப்படின்னா மூணு லைட்டுக்கும் பைப்பை எப்படிக் கொண்டுபோறதுன்னா, தரையில் டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி கீழே படுக்க வெச்சுட்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் நேரா மேலே ஏத்துங்க. படியோட கான்கிரீட், லேண்டிங் பீம், காலம் எதிலும் உளி படக் கூடாது. பைப் வெச்ச காடியைத் தண்ணி நனைச்சு சிமெண்ட் கலவையால் அடைச்சு, மேல கோழி வலை அடிச்சு அப்புறம் பூசச் சொல்லுங்க. வலை இல்லைன்னா பெயின்ட் அடிச்ச ஆறே மாசத்தில் பைப் போன தடம் கோடு கோடா விரியும்.

---

மாடிவீடு எழுதியது:

ரொம்ப நன்றி. ஆர்.சி.சி.பி. தளத்துக்கு ஒண்ணுதான் ப்ளான்ல இருக்கு, அதனால அந்த நியூட்ரல் விஷயத்தை இன்னைக்கே பேசிடறேன். நடைச் சுவர் 4½ இஞ்ச்தான், தரை வழியாவே கொண்டுபோறோம்.

ஃபுட் லைட் பத்தி யாரும் சொல்லலையே? படியோட மூக்குக்கு அடியில் ஸ்ட்ரிப் லைட் ஒட்டுறாங்களே, அதுவும் பார்க்க நல்லா இருக்கு. எது நல்லது?

---

படிக்கல் எழுதியது:

ரெண்டும் வேலை செய்யும். ஆனா உங்கள் வீட்டுக்கு நான் ஃபுட் லைட்டைத்தான் சொல்வேன். ஸ்ட்ரிப் எல்லாப் படியிலும் ஓடணும், ஒரு படியில் போனாலும் பல் விழுந்த மாதிரி தெரியும். ஃபுட் லைட்டில் ஒண்ணு கெட்டாலும் பக்கத்தில் இருக்கிறது தாங்கும்.

18 படிக்கு எண்ணிக்கை: ஒவ்வொரு ஏற்றத்திலும் மூணு, லேண்டிங்கில் ஒண்ணு, மொத்தம் ஏழு. முதல் படியும் கடைசிப் படியும் கண்டிப்பா அதில் வரணும். தடுக்கி விழுறது நடுப்படியில் குறைவு, படி தொடங்குற இடத்திலும் "முடிஞ்சிடுச்சு"ன்னு நினைக்கிற இடத்திலும்தான் அதிகம். ஒவ்வொண்ணும் 1 முதல் 2 வாட். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழுற மாதிரி மேலே மறைப்பு இருக்கிற மாடலா வாங்குங்க. முன்பக்கம் முழுசும் ஒளிர்ற மாடல் ஏறும்போது கண்ணுக்கு நேரே வரும்.

இதில் நடக்கிற பெரிய தப்பு உயரம். இப்போ இருக்கிறது வெறும் கான்கிரீட் படி. அதுக்கு மேல கலவை ஒரு இஞ்சுக்கு மேல, கிரானைட் முக்கால் இஞ்ச், ஆக 2 இஞ்ச் ஏறும். அதுக்கு மேல சுவரோரம் 4 இஞ்ச் ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஒட்டுற கல் பட்டை) வரும். கான்கிரீட்டில் இருந்து 6 இஞ்ச் அளந்து பாக்ஸ் வெச்சால், அது ஸ்கர்ட்டிங் மேல் விளிம்பிலேயே வந்து உட்காரும், ஃபிரேம் கல்லில் ஏறி நிக்கும். பாக்ஸின் அடி விளிம்பு வெறும் படியில் இருந்து 10 இஞ்ச் இருக்கட்டும். கல் போட்ட பிறகு 8 இஞ்ச் நிக்கும், ஸ்கர்ட்டிங் போக 4 இஞ்ச் இடைவெளி கிடைக்கும். ஒவ்வொரு பாக்ஸையும் தனித்தனியா அளக்காமல், கீழ்ப் பாக்ஸுக்கும் மேல் பாக்ஸுக்கும் நூல் கட்டி, நடுப் பாக்ஸை நூலில் வையுங்க. கான்கிரீட் படியில் அரை இஞ்ச் வித்தியாசம் இல்லாத வீடே கிடையாது, கல் போடுறவர் அதைச் சரி பண்ணிடுவார். ஆனா சுவரில் பதிச்ச பாக்ஸை யாராலும் சரி பண்ண முடியாது.

லைட்டை இன்னைக்கே தேர்ந்தெடுத்து வாங்கிடுங்க, குறைஞ்சது ஒண்ணாவது. ஸ்விட்ச் கம்பெனி ஃபுட் லைட் மாடுலர் பாக்ஸில் உட்காரும், வட்டமா சதுரமா தனியா வர்றதுக்கு அளவு வேற. பாக்ஸைப் பதிச்சுட்டு அப்புறம் லைட் தேடினால் பொருந்தாது. பூசும்போது பாக்ஸுக்குள்ள தெர்மாக்கோல் அடைச்சு விடுங்க, இல்லைன்னா கலவையைச் சுரண்டி எடுக்கிறதுக்கே ஒரு நாள் போகும்.

ஸ்ட்ரிப்தான் வேணும்னு இருந்தால் கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 18 படி × 3 அடி = 54 அடி, சுமார் 16.5 மீட்டர். மீட்டருக்கு 5 வாட்னு வெச்சால் 80 வாட். 100 வாட் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை ஸ்ட்ரிப்புக்கு ஏத்த மாதிரி குறைக்கிற பவர் சப்ளை) வேணும், முழு லோடில் ஓட விட்டால் சூட்டிலேயே போயிடும். 12 வோல்ட் வாங்கினால் 6.7 ஆம்பியர். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் ஒயர், போக வர 20 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.27 ஓம். முழு லோடும் கடைசி வரைக்கும் போகுதுன்னு வெச்சால் 1.8 வோல்ட் வழியிலேயே போயிடும். லோடு வழி நெடுகப் பிரியறதால நிஜத்தில் அதில் பாதி போகும்னு வெச்சாலும், 12ல் 0.9 போறது கண்ணுக்குத் தெரியும்: கீழ்ப்படி பளிச்சுன்னும் மேல்படி மங்கலாவும் இருக்கும். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் கரண்ட் பாதி, நஷ்டம் 0.45 வோல்ட், 24ல் அது தெரியாது. அதனால 24தான். படிக்குப் படி ஸ்ட்ரிப்பைச் சங்கிலி மாதிரி கோக்காமல், நடுவில் ஒரு மெயின் ஒயர் ஓட்டி ஒவ்வொரு படிக்கும் கிளை பிரிச்சுக் கொடுக்கணும். கிரானைட்டின் மூக்குக்கு அடியில் அலுமினியம் ப்ரொஃபைல் உட்கார இடம் வேணும், அதனால கல் ஒரு இஞ்சாவது வெளியே நீட்டி நிக்கணும். கல் வெட்டுறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும். நேரா கல்லில் ஒட்டினால் பசை விட்டு ஒரு முனை தொங்க ஆரம்பிக்கும். மாப் தண்ணி வேற படும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சுவருக்குள்ள வெச்சுப் பூசிடாதீங்க; படிக்கு அடியில் இருக்கிற அலமாரிக்குள்ள, கை எட்டுற இடத்தில், காத்துப் படுற மாதிரி.

ஃபுட் லைட் ஏழுக்கும் தனி ஸ்விட்ச், இன்வெர்ட்டர் லைன். ஏழும் சேர்ந்து 14 வாட்தான். ராத்திரி முழுக்க, பத்து மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு 4 யூனிட்கிட்டதான் வரும்.

---

மாடிவீடு எழுதியது:

4 யூனிட்தானா! அப்போ சென்சாரே வேண்டாமா?

---

படிக்கல் எழுதியது:

படிக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். ரொம்ப ஆசைப்பட்டால் வாசலுக்கு வையுங்க.

---

நிழல்விழாமல் எழுதியது:

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து வருபவர் ஸ்விட்ச்சைத் தேட மாட்டார், அதனால் நடைக்கு சென்சார் நல்லது. ஆனால் எந்த சென்சார் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. மதுரையில் சித்திரை, வைகாசியில் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசமே இல்லை, சென்சார் மந்தமாகிவிடும். "மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்தது, வெயிலில் கெட்டுவிட்டது" என்று கழற்றி எறிபவர்கள் பலர். அது கெடவில்லை. அடுத்தது, பி.ஐ.ஆர். தனக்குக் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேராக எதிரே வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். நடையின் முனையில் நீளவாக்கில் பார்க்க வைத்தால் பாதி நடை வந்த பிறகுதான் லைட் எரியும். அறைக்கதவைத் திறந்து வெளியே காலடி வைக்கும்போது குறுக்கே படுகிற மாதிரி பக்கச் சுவரில் வையுங்கள்.

மைக்ரோவேவ் சென்சாருக்கு வெயில் பிரச்சினை இல்லை. ஆனால் அது மரக்கதவு, கண்ணாடி, மெல்லிய சுவரைத் தாண்டியும் அசைவைப் பார்க்கும். பக்கத்து அறையில் ஃபேன் சுற்றினாலே லைட் எரிந்துகொண்டே இருக்கலாம். உங்கள் 4½ இஞ்ச் சுவருக்கு அது வேண்டாம்.

படிக்கு வைப்பதென்றால் ஒரு சென்சார் போதாது. கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டும் ஒரே ஃபேஸில் இருந்து பேரலலாக (எது ஆளைப் பார்த்தாலும் லைட் எரியும்படி). நேரம் 90 வினாடிக்குக் குறையக் கூடாது. 30 வினாடியில் வைத்தால், கைப்பிடி பிடித்து மெதுவாக ஏறும் பெரியவர் லேண்டிங்கில் மூச்சு வாங்க நிற்கும்போது லைட் அணைந்துவிடும். ஃபுட் லைட் ராத்திரி முழுக்க எரியப் போகிறது என்றால் படிக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, அந்த வகையில் மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்சார் எங்கே வைத்தாலும் அதோடு பேரலலாக ஒரு சாதாரண ஸ்விட்ச் வேண்டும். விருந்தாளி வந்த நாளில் லைட் அணையாமல் எரிய வைக்க அதுதான் வழி.

---

பழையவீடு எழுதியது:

நடுவில் நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்கள் வீடு கட்டி முப்பது வருசம் ஆச்சு, சுவரை உடைக்க முடியாது. மாடிப்படியில் டூவே இருக்கு. சி.எஃப்.எல். எடுத்துட்டு எல்.இ.டி. பல்பு போட்டதும், ஸ்விட்ச்சை அணைச்ச பிறகும் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சில நேரம் விட்டுவிட்டு மினுக்குது. பல்பு மாத்தியும் அதேதான். கரண்ட் லீக்கா?

---

ஃபேஸ்நியூட்ரல் எழுதியது:

மூணு காரணம்தான் இருக்கும், வரிசையாப் பாருங்க.

முதல்ல ஸ்விட்ச்சில் சின்ன இண்டிகேட்டர் லைட் இருக்கான்னு. இருந்தால் அது வழியா ரொம்பக் கொஞ்சம் கரண்ட் பல்புக்குப் போயிட்டே இருக்கும். பழைய குண்டு பல்புக்கு அது ஒண்ணுமே இல்லை. எல்.இ.டி. டிரைவரில் இருக்கிற கெபாசிட்டர் அதைச் சேர்த்து வெச்சு, நிறைஞ்சதும் ஒரு தடவை மினுக்கும், மறுபடி சேர்க்கும். இண்டிகேட்டரைக் கழட்டினால் தீர்ந்தது.

அடுத்து, ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கான்னு பாருங்க. பழைய வீட்டில் இது சகஜம். ஸ்விட்ச்சை அணைச்சுட்டு ஹோல்டரில் டெஸ்டர் வையுங்க. அப்பவும் எரிஞ்சால் ஃபேஸ் நேரா லைட்டுக்குப் போகுது, இல்லைன்னா நான் மேலே சொன்ன அந்தத் தப்பான டூவே முறை. சும்மா டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் எர்த்துக்கும் ஹோல்டர் முனைக்கும் அளந்து பாருங்க, ஏன்னா மூணாவது காரணத்திலும் டெஸ்டர் லேசா மினுக்கும். மீட்டர் முழு 230 காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்தியே ஆகணும், இது அழகு விஷயம் இல்லை.

ரெண்டும் இல்லைன்னா, நீளமான பைப்பில் டூவே ஒயர் பக்கம் பக்கமா ஓடறதால வர்றது. ஃபேஸ் இருக்கிற ஒயர் சும்மா கிடக்கிற ஒயருக்குக் கொஞ்சம் வோல்ட்டேஜைத் தூண்டிவிடும். ஆபத்து கிடையாது. லைட் ஹோல்டரின் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகை (மெயின் கரண்டுக்குக் குறுக்கே மாட்டுறதுக்குன்னே செஞ்ச) கெபாசிட்டர் ஒண்ணு போட்டால் நின்னுடும். எக்ஸ்2ன்னு எழுதியிருக்கணும். ஃபேன் கெபாசிட்டரோ ரேடியோ கடையில் கிடைக்கிற சாதா கெபாசிட்டரோ போட்டுடாதீங்க, ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

உடைக்காமல் ஃபுட் லைட் வேணும்னா, கைப்பிடிக்கு அடியில் அலுமினியம் ப்ரொஃபைலில் 24 வோல்ட் ஸ்ட்ரிப் ஓட்டலாம். குழாய்க் கைப்பிடியா இருந்தால் ஒயர் அதுக்குள்ளேயே போயிடும், துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் மாட்டணும், இல்லைன்னா தகடு ஒயரை அறுத்துடும்.

---

மாடிவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஃபுட் லைட் ஏழு, படிச் சுவரில் மூணு, நடையில் மூணு, நிலைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். கிரானைட்டும் சாம்பல் நிறத்துக்கு மாத்திட்டோம். கேட் தூணில் ரெண்டு லைட் வேணும்னு வீட்டில் கேட்கிறாங்க, காலையில் இருட்டோட கோலம் போடறதுக்கு. அதுக்கு ஏதாவது பார்க்கணுமா?

---

ஃபேஸ்நியூட்ரல் எழுதியது:

கேட் லைட்டில் தண்ணிதான் எதிரி. மழை பெய்ஞ்சால் ஆர்.சி.சி.பி. விழுற வீட்டில் முதல்ல கழட்டிப் பார்க்க வேண்டியது தூண் மேல இருக்கிற லைட்டைத்தான். அதனால கேட் லைட் ரெண்டுக்கும் தனி எம்.சி.பி. (ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் தானே விழுற ஸ்விட்ச்) கொடுங்க, அதை மட்டும் இறக்கிட்டு வீட்டில் மத்ததை ஓட்டலாம். எம்.சி.பி. நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற டபுள் போலா இருக்கணும், ஈரத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. விழும்.

பைப் தூணுக்கு நடுவில் ஏறி, தூணின் மேல்பரப்பை விட 2 இஞ்ச் உயரமா நிக்கணும். அந்தப் பரப்போட சமமா வெட்டினால் தேங்கின மழைத்தண்ணி பைப் வழியா இறங்கும். தூசியும் மழைத்தண்ணியும் புகாத ஐ.பி.65 லைட். தூணின் பக்கவாட்டில் மாட்டுற லைட்னா மேல் விளிம்பிலும் பக்கத்திலும் சிலிக்கான் அடிக்கணும், அடி விளிம்பை மட்டும் விட்டுடணும். உள்ளே வேர்க்கிற ஈரம் வெளியேற அதுதான் வழி. சுத்தி அடைச்சுட்டால் தொட்டி மாதிரி தண்ணி நிக்கும். லைட்டின் உலோக உடம்புக்கு எர்த் ஒயர் கண்டிப்பா, வாசல் தெளிக்கிற ஈரத் தரையில் வெறுங்காலோட நிக்கிறவங்க தொடுற இடம் அது.

கோலத்துக்குன்னா தூண் உச்சி லைட் பத்தாது, குனிஞ்சால் அவங்க நிழலே கோலத்தில் விழும். தெருப் பக்கம் பார்த்த தூண் முகத்தில் 3 அடி உயரத்தில், கீழ்நோக்கி அடிக்கிற 5 வாட் ஒண்ணு ரெண்டு தூணிலும் வையுங்க. ரெண்டு பக்கமும் இருந்து வர்றதால நிழல் அடிபட்டுப் போகும். தூண் பூசறதுக்கு முன்னாடி அதுக்கும் பாக்ஸ் வெச்சுடுங்க.